மோட்டாரின் அச்சில் நாம் ஏற்றும் பாரம்

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



கிணற்று மோட்டார் எரிந்துபோனால் நம் ஊர்களில் முதலில் சொல்லப்படும் காரணம், மின்சாரம் சரியில்லை என்பது. அடுத்தபடியாக, மோட்டார் சிறியது, இன்னும் பெரிதாக வாங்கியிருக்க வேண்டும் என்பர். அதற்கும் அடுத்தபடியாக, காயில் கட்டியவர் மீது பழி விழும். இம்மூன்றிலும் சிற்சில வேளைகளில் உண்மை உண்டு. ஆயினும், அந்த மோட்டாரின் அச்சில் நாம் எதையெதைப் பூட்டியிருந்தோம், அதன் எடை யாது, குறுக்களவு யாது, அது சுற்றிய வேகம் யாது என்னும் கேள்விகளை எவரும் எழுப்பக் காணோம். அக்கேள்விகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். இது தனி ஒருவரின் தோட்டத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. ஊர் முழுவதற்கும் உரியது என்பதைப் போகப்போகக் காண்போம்.

இவ்வட்டாரத்து நிலம் கடினப் பாறையின் மேல் அமைந்தது. ஏரி நிரம்பிய ஆண்டில் கிணறு ஊறும். நிரம்பாத ஆண்டில் பாறை வெடிப்பிலுள்ள நீரைத் தேடிப் போக வேண்டும். நெல்லுக்கும் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் நீர் இறைக்க முன்னாளில் மாடுகள் கவலை இழுத்தன. பின்னர் எண்ணெய் எஞ்சின் வந்தது. அதன்பின் மின்சார மோட்டார் வந்தது. 1932இல் பைகாரா நீர்மின் நிலையமும், 1937இல் மேட்டூர் மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. அதே 1937ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் உள்நாட்டிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினர். 1984இல் சிறு உழவர்களுக்கும், 1990இல் எல்லா உழவர்களுக்கும் பம்புசெட்டு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று. மின்சாரத்திற்குக் கட்டணமில்லை; ஆனால் எரிந்த காயிலைக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டு. அது கட்டி வரும்வரை வாடும் பயிருக்கோ கணக்கே இல்லை.

மோட்டார் தொடங்கும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் அண்ணாமலையார் தேரை நாம் எல்லோரும் வடம் பிடித்து இழுத்திருக்கிறோம். நிற்கும் தேரை அசைப்பதற்கு எத்தனை பேர்! பின்னால் நெம்புகட்டை வேறு. அசைந்து உருளத் தொடங்கிய பிறகு அவ்வளவு பலம் வேண்டியதில்லை. ஆனால் ஓடும் தேரை நிறுத்துவதற்கோ முட்டுக்கட்டை போட வேண்டியிருக்கிறது. நிற்பது நிற்கவே பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும். இந்தக் குணத்தைச் சடத்துவம் என்பர். சுற்றும் பொருளுக்கும் இக்குணம் உண்டு.

5 குதிரைசக்தி மும்முனை மோட்டார் ஒன்று முழுப் பாரத்தோடு ஓடும்போது ஏறத்தாழ ஏழரை ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதே மோட்டார் தொடங்கும்போது ஏறத்தாழ ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் எடுக்கும். கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மின்னோட்டம் 6 மடங்கானால் சூடு 36 மடங்காகும். இந்த நிலை ஒரு நொடியில் கழிந்துவிட்டால் காயிலுக்குத் தீங்கில்லை; பத்து நொடி நீடித்தால் தீங்கு உண்டு. அது ஒரு நொடியா, பத்து நொடியா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: மோட்டாருக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஒன்று, அச்சில் நாம் பூட்டியிருக்கும் பாரம் மற்றொன்று.

பாரம் என்றவுடன் எடையை மட்டும் எண்ணிவிடக்கூடாது. எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே பெரிது. குயவர் சக்கரத்தைப் பாருங்கள். அதன் கனம் விளிம்பில் இருப்பதனால்தான் ஒரு முறை கோலால் சுற்றிவிட்டால் ஒரு பானையை வனைந்து முடிக்கும் வரை அது சுற்றுகிறது. புல்லிக்கும் இதே கணக்குத்தான். ஒரே தடிப்புள்ள இரு வட்டப் புல்லிகளில் ஒன்று மற்றதைப் போல் இருமடங்கு குறுக்களவு உடையதானால், அதன் எடை 4 மடங்கு. அதைச் சுழலச் செய்வதற்குள்ள தடையோ 16 மடங்கு.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 40 கிலோ எடையுள்ள சக்கரம் ஒன்றின் கனம் பெரும்பாலும் நடுவிலிருந்து 25 செண்டிமீட்டர் தள்ளி விளிம்பில் இருக்கிறது என்று கொள்வோம். அதை மோட்டாரின் அச்சிலேயே மாட்டி நிமிடத்திற்கு 1440 சுற்று சுற்றவிட்டால், அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 28,000 ஜூல். இதில் வியப்பு யாதெனில், அந்த ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொடுத்து முடிப்பதற்குள் மோட்டார் தன் சுழலியில் அதே அளவு ஆற்றலைச் சூடாக இழந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீரை ஏறத்தாழ 7 டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பம் அது. காயிலில் பிறக்கும் சூடு இதற்கு மேல். பத்து நிமிடத்திற்குள் மூன்று முறை மின்சாரம் நின்று நின்று வந்தால் இந்தச் சூடு மும்முறை சேரும், ஆறுவதற்கு நேரமிராது. அதே சக்கரத்தைப் பாதி வேகத்தில் சுற்றும் வேறோர் அச்சில் மாட்டியிருந்தால் இச்சூடு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். கனத்த சக்கரம் எதுவாயினும் மெல்லச் சுற்றும் அச்சில் இருக்கட்டும் என்று பொறியாளர்கள் கூறுவது இதனால்தான். மேலும், நாம் சொன்ன அளவுள்ள சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 37 மீட்டருக்கு மேல் ஓடும். வார்ப்பிரும்பு தாங்கக்கூடிய வேகம் அன்று அது. வெடித்துச் சிதறினால் அருகில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு கனத்த சக்கரத்தை மோட்டாரில் யார் மாட்டுகிறார்கள் என்று கேட்கலாம். எண்ணெய் எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்தவர்கள் பழைய புல்லியை விட மனமின்றி அப்படியே பயன்படுத்துவதுண்டு. எஞ்சினுக்குப் பிளைவீல் இன்றியமையாதது. ஏனெனில் எஞ்சின் விட்டுவிட்டு உதைக்கும் யந்திரம். இரண்டு உதைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அச்சைச் சுற்றவைக்கப் பிளைவீல் வேண்டும். மோட்டாரோ சீராக இழுப்பது. பம்பும் சீராகச் சுற்றுவது. சீரான இரண்டுக்கும் நடுவில் பிளைவீலுக்கு வேலையே இல்லை.

இந்நாளில் கைப்பேசியில் வேறு வகைப் படக்காட்சிகள் உலவுகின்றன. மோட்டாரில் பெரிய பிளைவீலைப் பூட்டி, அதிலிருந்து ஜெனரேட்டரைச் சுற்றி, வாங்கிய மின்சாரத்தைவிட மிகுதியான மின்சாரம் பெறுவதாக அவற்றில் காட்டுகின்றனர். படித்த இளைஞர்களும் இதை நம்பிப் பணம் செலவிடுவது வருந்தத்தக்கது. பிளைவீல் என்பது பத்தாயத்தைப் போன்றது. பத்தாயத்தில் கொட்டிய நெல்லைத்தான் எடுக்கலாம். பத்தாயம் நெல்லை விளைவிக்காது. எலி தின்றது போக எஞ்சியதுதான் கிடைக்கும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பேரிங்கின் உராய்வும் காற்றின் தடையும் இங்கே எலிகள்.

இனி மின்னழுத்தத்தைப் பற்றிக் கூறுவோம். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடிக் குறைவது. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 310 வோல்ட் வந்தால், கால் பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் சுழல்விசையில் ஏறத்தாழ பாதிதான் எஞ்சும். ஸ்டார் டெல்ட்டா ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், அது ஸ்டாரில் நிற்கும்போது அந்தப் பாதியிலும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆறு பேர் தள்ள வேண்டிய வண்டியை ஒருவர் தள்ளுவதற்கு ஒப்பாகும் இது. பாரம் இலேசாயின் மோட்டார் மெல்லவாவது வேகம் பிடித்துவிடும். கனத்த சக்கரம் மாட்டியிருப்பின் பாதி வேகத்தில் உறுமிக்கொண்டே கிடக்கும். மின்னோட்டம் குறையாது, சூடு ஏறும், சிறிது நேரத்தில் வார்னிஷ் மணம் வரும். அந்த மணத்தை இங்கே அறியாதவர் இல்லை.

ஊருக்கு உரிய பகுதி இப்போது வருகிறது. முறை வைத்து மும்முனை மின்சாரம் விடப்படும் ஊர்களில், நள்ளிரவில் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்துவதற்கு அஞ்சி, பலரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துள்ளனர். பாம்பு தீண்டும் வரப்பில் இருட்டில் நடக்க வேண்டாம் என்று எண்ணுவதை எவ்வாறு குறை கூற இயலும்? ஆயினும் விளைவைப் பாருங்கள். ஒரு டிரான்ஸ்பார்மரில் 5 குதிரைசக்தி மோட்டார்கள் 20 இருப்பின், அவை ஓடும்போது எடுக்கும் மின்னோட்டம் 150 ஆம்பியர். மின்சாரம் வந்த அதே நொடியில் இருபதும் தொடங்கினால் 900 ஆம்பியர் கேட்கும். டிரான்ஸ்பார்மர் அதைக் கொடுக்க இயலாமல் மின்னழுத்தம் சரியும். சரியவே ஒவ்வொரு மோட்டாரின் சுழல்விசையும் குறையும். குறையவே தொடங்கும் நேரம் நீளும். நீளவே சரிவும் நீடிக்கும். இலேசான மோனோபிளாக் பம்புகள் ஒருவாறு எழுந்துவிடும். கனத்த புல்லியுடையது எழாமல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே நிற்கும். அது இழுக்கும் வரை அந்தக் கம்பியின் கடைக்கோடியில் இருப்பவருக்கு மின்னழுத்தம் கிடையாது. ஆக, ஒருவர் தம் அச்சில் பூட்டிய சக்கரம் அடுத்தவர் காயிலைச் சுடுகிறது. கடைமடைக்காரர் மின்வாரியத்தை நோகிறார். வாரியத்தின் பொறுப்பும் அதில் உண்டுதான். ஆனால் தலைமடையில் சுற்றும் அந்தப் புல்லியை அவர் பார்த்ததில்லை.

ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் விடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. மோட்டார் தொடங்குவதற்கும் அத்தகைய முறை ஏன் இருக்கலாகாது? மின்சாரம் வந்தபின் சில நொடி பொறுத்துத் தொடங்குமாறு நேரம் திருப்பும் வசதி ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் உண்டு. இல்லாதவற்றில் தனியே ஒரு டைமரைச் சேர்க்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள உழவர்கள் கூடி, முதல் தோட்டத்திற்கு 5 நொடி, அடுத்ததற்கு 15 நொடி, அதற்கடுத்ததற்கு 25 நொடி என்று பகிர்ந்துகொண்டால் கடைசி மோட்டாரும் மூன்றரை நிமிடத்திற்குள் ஓடத் தொடங்கிவிடும். கனத்த பாரம் உடையவை கடைசியில் வரட்டும். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறோம். பெல்ட்டு நழுவுகிறது என்று மேலும் மேலும் இழுத்துக் கட்டினால் அந்த இழுப்பு முழுவதும் பேரிங்கின் மேல் விழும். பேரிங் தேய்ந்தால் சுழலி உள்ளே உரசும். புல்லி பேரிங்குக்கு அருகே நெருங்கி அமைய வேண்டும். தண்டின் நுனியில் தள்ளி அமைந்தால் தண்டு வளையும். இரு புல்லிகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

பெல்ட்டைவிடப் பெரிய தீமை, புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது. நீர் சற்றுக் கூடுதலாக வரட்டும் என்று மோட்டாரில் 6 அங்குலப் புல்லியை எடுத்துவிட்டு 7 அங்குலப் புல்லியை மாட்டுகின்றனர். பம்பின் வேகம் ஆறில் ஒரு பங்கு கூடும். ஆனால் மையவிலக்குப் பம்பு கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வது. ஆகவே 5 குதிரைசக்தி போதுமாயிருந்த இடத்தில் ஏறத்தாழ 8 குதிரைசக்தி தேவைப்படும். ஓர் அங்குலத்தின் விலை 3 குதிரைசக்தி!

இன்னொரு புதிர். கிணறு வற்றிய ஆண்டில் ஒழுங்காக ஓடிய மோட்டார், நல்ல மழை பெய்து கிணறு வாய்வரை நிரம்பிய ஆண்டில் எரிந்துபோவதுண்டு. நீர் மேலே வந்துவிட்டதே, வேலை குறைவுதானே என்று உழவர் திகைக்கிறார். ஆழத்திலிருந்து நீரை ஏற்றுவதற்கென்று தேர்ந்த மையவிலக்குப் பம்பை, ஏற்றம் குறைந்த இடத்தில் ஓட்டினால் அது அளவுக்கு மிஞ்சிய நீரை வாரி இறைக்கும். பாரம் குறையாமல் கூடும். மழைக்குப் பின் டெலிவரி வால்வைச் சற்று மூடி, ஆம்பியர் மீட்டரில் குறித்த அளவுக்குள் முள் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே இதற்கு மருந்து. இவ்வகைப் பம்பைத் தொடங்கும்போதும் அவ்வால்வை மூடிவைத்துத் தொடங்கி, வேகம் பிடித்த பின் மெல்லத் திறப்பது நன்று. தொடங்கும் பாரம் குறையும். மூடியபடியே நெடுநேரம் ஓட்டலாகாது. உள்ளிருக்கும் நீர் கொதிக்கத் தொடங்கும்.

நம் தாய்மார்கள் இம்முறையை நெடுநாளாகவே கையாள்கின்றனர். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி அவர்கள் உருவாக்கிய மாவரைக்கும் கிரைண்டர் இன்று தமிழர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. கல்லைச் சுற்றவிட்டு, நீர் சிறிது ஊற்றி, அதன்பின் அரிசியைச் சிறிது சிறிதாகப் போடுவதே வழக்கம். அரிசியை நிரப்பிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தோட்டத்து யந்திரத்திற்கும் இதுவே பொருந்தும்.

ஊராட்சியின் குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளில் வேறொரு தொல்லை உண்டு. குழாயிலுள்ள திரும்பா வால்வு பழுதானால், மோட்டார் நின்றவுடன் மேலே ஏறியிருந்த நீர் முழுவதும் கீழே பாயும். பாயும்போது பம்பை எதிர்த்திசையில் சுழற்றும். அந்நேரம் மின்சாரம் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடங்கினால், நிற்பதைச் சுற்றுவதோடு அன்றி எதிராகச் சுற்றுவதை நிறுத்தித் திருப்பவும் வேண்டும். தண்டோ கப்ளிங்கோ முறுக்கி ஒடிவது பெரும்பாலும் இப்படித்தான். ஓடி நின்ற மோட்டார் மறுபடி தொடங்குவதற்குள் சில நிமிட இடைவெளி வைப்பதும், வால்வை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதும் ஊராட்சியின் கணக்கில் சிறு செலவு. மோட்டாரை மேலே தூக்கிப் பழுதுபார்க்கும் நாள்களில் ஊரார் குடத்தோடு அலைவது அக்கணக்கில் ஏறுவதில்லை.

பிளைவீலுக்கு வேலையே இல்லை என்று நாம் சொன்னது மையவிலக்குப் பம்பை எண்ணித்தான். நீர் குறைந்த ஆழ்துளைக் கிணறுகளில் காற்றை உட்செலுத்தி நீரை மேலேற்றும் கம்ப்ரஸர்கள் வடமாவட்டங்களில் ஓடுகின்றன. அவை விட்டுவிட்டு உதைத்து வேலை செய்பவை. அவற்றின் பெரிய புல்லியே பிளைவீலாக நின்று உதையைத் தாங்குகிறது. அது கனமாக இருப்பது குற்றமன்று. ஆனால் காற்றை வெளியே திறந்துவிட்டுத் தொடங்கி, வேகம் பிடித்தபின் மூட வேண்டும். கரும்பு ஆலைக்கும் தீவனம் வெட்டும் யந்திரத்திற்கும் இதே நியாயம். கட்டைக் கரும்பு திடீரென உள்ளே செல்லும்போது வேகம் பத்தில் ஒரு பங்கு தணியுமானால், பிளைவீல் தன்னில் தேங்கிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்து மோட்டாரைக் காக்கும்.

அப்படிக் காக்கும் சக்கரமே கையை வெட்டவும் செய்யும். சுவிட்சை நிறுத்தியவுடன் யந்திரம் நின்றுவிட்டது என்று எண்ணி, சிக்கிய தட்டையை எடுக்கக் கை நீட்டுகிறார்கள். மின்சாரம்தான் நின்றது, சக்கரத்தில் தேங்கியது தீரும் வரை கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கதிரடிக்கும் யந்திரங்களில் கையிழந்தோர் மிகுந்ததனால்தான் 1983இல் ஆபத்தான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. தீவனம் வெட்டும் யந்திரம் வைத்திருப்போர், சக்கரத்திற்கு இரும்பு வலைக் கூடும், தட்டையை உள்ளே தள்ளும் வாயில் ஒரு முழ நீளத்திற்குக் குறையாத மூடிய தொட்டியும் அமைத்திடுக. சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு அசையாமல் தனியே கண்ணுக்குத் தெரியும் வரை குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.